மணிவிழா மலருக்கு நீ கேட்ட கட்டிங்

அருள்,

உன் கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது. இத்தனை நாள் பதில் போடாததற்கு முதுகுவலியைக் காரணம் சொன்னால் நீ நம்பிவிடுவாய். ஆனால் அந்த முதுகுவலிக்காரன் சனிக்கிழமை பஸ் ஏறி, சிதம்பரத்துக்கு நாலு மைல் முன்னாலேயே இறங்கி, ஒரு வேலையை முடித்துக்கொண்டு, உன் கல்லூரி விடுதிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் கடலூர் திரும்பிவிட்டான். பெற்ற பிள்ளை நாலு மைலில் இருக்கிறான், போய்ப் பார்க்காமல் வருவார்களா என்று உன் அம்மா கேட்டாள். பார்த்திருந்தால் பேச வேண்டியிருக்கும். பேச ஆரம்பித்தால் நான் பாதியில் வேறு விஷயத்துக்குத் தாவிவிடுவேன். இருபத்தைந்து வருஷம் வகுப்பில் நின்று பேசியவனுக்குப் பேச்சிலேயே நழுவிப் போவது எப்படி என்று நன்றாகத் தெரியும். எழுதினால் நழுவ முடியாது என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். அதுவும் நிச்சயமில்லை. நான் முதலில் நழுவியதே எழுத்தில்தான்.

நீ கேட்டிருப்பது ஒரே ஒரு கட்டிங். எட்டு வருஷத்துக்கு முன்னால், தேர்தலுக்குச் சில மாதம் இருக்கும்போது, நம் எம்.எல்.ஏ. ஒரு காலனிக் குடிசையில் உட்கார்ந்து கூழ் குடித்தார் என்று நான் எழுதி, என் பெயர் போட்டுப் பேப்பரில் வந்த செய்தி. இப்போது அவருக்கு அறுபது நிறைகிறது. மணிவிழா மலர் போடுகிறார்கள். அவருடைய வாழ்க்கையை எழுத உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அடுத்த திங்கட்கிழமை நீ மெட்ராஸ் போய் அவர் வீட்டிலேயே தங்கி எழுதப்போகிறாய். என் செய்தியை முதல் பக்கத்தில் அப்படியே போட வேண்டும் என்பது ஐயாவின் ஆசை என்று எழுதியிருக்கிறாய். "உங்கப்பாதானேப்பா என்னை ஊருக்குக் காட்டுனவரு" என்று உன் தோளில் கை போட்டாராம். அந்த வரியை உன் அம்மா இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கட்டிங் இருக்கிறது. டிரங்குப் பெட்டியில், உன் ஞானஸ்நானச் சீட்டுக்குக் கீழே வைத்திருக்கிறேன். இந்தக் கவரிலேயே வைத்து அனுப்புகிறேன். ஆனால் அதைப் பிரித்துப் படிப்பதற்கு முன்னால் நீ ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அன்றைக்கு அவர் அந்த வீட்டில் சாப்பிடவில்லை. கூழும் குடிக்கவில்லை, சோறும் தொடவில்லை, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. அந்தச் செய்தி பொய். அது பொய் என்று தெரிந்த நாளிலிருந்து இன்றுவரை நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு மனிதனுக்கு அதனால் வேலை போயிற்று. வேலையைவிடப் பெரியதும் போயிற்று என்பது சனிக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். நான் பள்ளிக்கூடத்து வாத்தியார், பேப்பருக்குப் பகுதிநேர நிருபர். எங்களைப் போன்ற வெளியூர் நிருபர்கள் செய்தியை எழுதி, கவரில் போட்டு ஒட்டி, ‘செய்தி, அவசரம்’ என்று மேலே எழுதி, ரயிலில் தபால் வண்டிக்காரரிடம் கொடுப்போம். காலை ரயிலில் போனால் மறுநாள் பேப்பரில் வரும். விட்டால் அதற்கடுத்த நாள்தான், அதற்குள் மற்ற பேப்பர்க்காரன் போட்டுவிடுவான். அதனால் பெரிய மனிதர்களின் சுற்றுப்பயணம் என்றால் முதல்நாளே பயண நிகழ்ச்சி நிரலை வாங்கி வைத்துக்கொண்டு, நடக்கப்போவதை நடந்ததாகவே எழுதி அனுப்பிவிடுவது வழக்கம். ‘மாலை அணிவித்து வரவேற்றனர்’, ‘திரளான மக்கள் கலந்துகொண்டனர்’ இதெல்லாம் முதல்நாள் சாயங்காலமே எழுதிய வரிகள். மழை பெய்து கூட்டமே நடக்காமல் போனால் ஒரு தந்தி அடித்துச் செய்தியை நிறுத்திவிடலாம். அதற்காகவே ஆபீசில் ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள், காட்டினால் கையிலிருந்து காசு கொடுக்க வேண்டியதில்லை. யாரும் இதைப் பொய் என்று நினைத்ததில்லை. தொழில் அப்படி என்றுதான் நினைத்தோம்.

ஐயாவின் நிரலில் ‘பகல் ஒரு மணி, ஹரிஜன காலனியில் உணவு’ என்று ஒரு வரி இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. மாலை, பொன்னாடை என்று எழுதி எழுதிக் கை அலுத்திருந்தது. இது வேறு மாதிரி இருந்தது. நம் வீட்டு முன்னறையில், நீ பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, நான் ஒரு முழுப் பக்கம் எழுதினேன். சாணி மெழுகிய தரை, சம்மணமிட்டு உட்கார்ந்த தலைவர், மண்சட்டியில் கேழ்வரகுக் கூழ், கடித்துக்கொள்ள வெங்காயம், ‘என் தாய் ஊற்றிய கூழின் ருசி இது’ என்று அவர் நெகிழ்ந்து சொன்னது. அத்தனையும் என் கற்பனை, அருள். அவர் தாயார் கூழ் ஊற்றினாரா, பால்சோறு ஊட்டினாரா எனக்கு எப்படித் தெரியும்? மறுநாள் காலை திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் கவரைக் கொடுத்துவிட்டு, அவருடைய ஜீப்பில் ஏறிக்கொண்டேன். போட்டோ எடுக்க காதர் பாய் வந்திருந்தார். துறைமுகத்துப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்தாரே, உன் முதல் நற்கருணைக்குப் படம் எடுத்தவர், அவர்தான்.

காலையில் குறிஞ்சிப்பாடியில் நெசவாளர் கூட்டம் முடித்துக்கொண்டு ஒன்றரை மணிக்குக் காலனிக்குப் போனோம். வீட்டுக்காரர் பெயர் வீராசாமி. கூட்டுறவு சங்கத்துக் கிடங்கில் வாட்ச்மேன். காலனியில் மாதச் சம்பளம் வாங்கிய ஒரே ஆள் என்பதால் அவர் வீட்டைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவர் மனைவி அஞ்சலை விடியற்காலையில் எழுந்து பரங்கிப்பேட்டை வரைக்கும் நடந்து போய் எறா வாங்கி வந்திருந்தாள். நல்ல புழுங்கலரிசிச் சோறு, எறாக் குழம்பு, அவரைக்காய்ப் பொரியல், அப்பளம். கூழ் அந்த வீட்டில் அன்றைக்குக் கண்ணிலேயே இல்லை. வருகிற பெரிய மனிதருக்கு யாராவது கூழ் ஊற்றுவார்களா? அந்தச் சின்ன விஷயம்கூட எனக்கு எழுதும்போது தோன்றவில்லை. ஏழை வீடு என்றால் கூழ் என்று என் பேனா தானாகவே முடிவு செய்துவிட்டது.

அவர் உட்கார்ந்தார். இலையில் சோறு விழுந்தது. கையை இலையில் வைத்தார். காதர் பாய் இரண்டு படம் எடுத்தார். அது முடிந்ததும் அவர் தம் உதவியாளர் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். பின்னால் குனிந்து நின்ற உதவியாளர் நிமிர்ந்து, "ஐயாவுக்கு ரெண்டு நாளா வயிறு சரியில்ல, கோச்சிக்காதீங்க, மனசு ரொம்பிடுச்சாம்" என்றார். ஐயா எழுந்துவிட்டார். அஞ்சலை கைகழுவத் தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். அவர் அதை வாங்காமல் ஜீப்புக்குப் போய், டிரைவர் ஊற்றிய தண்ணீரில் கழுவிக்கொண்டார். வீராசாமி சொம்பைத் தன் மனைவி கையிலிருந்து வாங்கிக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல் அதைப் பிடித்தபடி வண்டி கிளம்பும் வரை நின்றார். இரண்டரை மணிக்குச் சிதம்பரம் பயணியர் விடுதியில் அவர் தலைவாழை இலை போட்டு நன்றாகவே சாப்பிட்டார், மறுசோறும் போட்டுக்கொண்டார். வயிற்றுக்கு ஒன்றுமில்லை.

சாப்பாடு முடிந்து அவர் படுத்துவிட்டார். நான் வெளியே வந்து தந்தி ஆபீசுக்கு நடந்தேன். இதை நீ நம்ப வேண்டும், நடந்தேன். ‘உணவுப் பகுதியை நீக்கவும்’ என்று மூன்று வார்த்தை அடித்தால் போதும். சட்டைப் பையில் அட்டை இருந்தது. உள்ளே யாருமே இல்லை, குமாஸ்தா சும்மா உட்கார்ந்திருந்தார். "என்னா சார், தந்தியா?" என்று கேட்டார். நான் மணி என்ன ஆகிறது என்று கேட்டேன். அவர் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. யாரும் என்னைத் தடுக்கவில்லை, மிரட்டவில்லை, கவரில் பணம் வைத்துத் தரவில்லை. அந்தப் பக்கம் நான் எழுதியதிலேயே நல்ல பக்கம். முதல் தடவையாக என் பெயரைப் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். போட்டார்கள்.

செய்தி வந்த அன்று கடைத்தெருவில் என்னை நிறுத்திக் கை கொடுத்தவர்கள் எத்தனை பேர். நான்கு நாள் கழித்துப் படமும் வந்தது. பேப்பர் அச்சில் இலை ஒரு வெள்ளைத் திட்டு, அதன்மேல் ஒரு கறுப்புக் கை. சோறா கூழா எவன் கண்டான்? எனக்கு உறுத்தி, காதர் பாயிடம் போய், "என்ன பாய், இப்படி ஆயிடுச்சே" என்றேன். அவர் நெகட்டிவைத் தண்ணீரில் அலசிக்கொண்டே, "என் படம் பொய் சொல்லல வாத்தியாரே. கை எலையிலதான் இருக்கு. அது வாய்க்குப் போச்சா இல்லியான்னு படத்துல எங்க தெரியும்? அத எழுத்துல சொல்ல வேண்டியது நீங்க" என்றார். அதற்கப்புறம் நான் அவர் ஸ்டுடியோவுக்கு அதிகமாகப் போனதில்லை.

வீராசாமிக்கு எழுதப் படிக்கத் தெரியும். டீக்கடையில் யாரோ செய்தியைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தபோது, "அவுரு எங்கூட்ல ஒரு பருக்க கூட சாப்புடலியே, எதுக்கு இப்புடிப் போட்டுருக்காங்க?" என்று கேட்டிருக்கிறார். கோபமாகக்கூட இல்லை, ஆச்சரியமாகத்தான் கேட்டிருக்கிறார். தேர்தல் நேரம். எதிர்க்கட்சிக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டு மேடையில் பேச, ஐயாவின் ஆட்கள், காசு வாங்கிக்கொண்டு வீராசாமி புளுகுகிறான் என்று கிளப்பிவிட்டார்கள். சங்கத்துத் தலைவர் ஐயாவுக்கு வேண்டியவர். விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. ஐயாவைப் பற்றி அவதூறு பரப்பினாய், பத்து நாளில் பதில் சொல் என்று.

அவர் நம் வீட்டுக்கு வந்தார், அருள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நாம் வந்து சற்று நேரத்தில். ஜன்னல் வழியாக அவர் வருவதைப் பார்த்தேன். நான் உள்ளறைக்குப் போய், உன்னைக் கூப்பிட்டு, "அப்பா ஊர்ல இல்லன்னு சொல்லு" என்றேன். நீ போய்ச் சொன்னாய். உனக்குப் பன்னிரண்டு வயது, அப்பா சொன்னதைச் செய்தாய், மறந்தும் போயிருப்பாய். எனக்கு அவர் சொன்னது ஒவ்வொரு சொல்லும் கேட்டது. "தம்பி, அப்பா வந்தா சொல்லுங்க. அன்னிக்கு அய்யா சாப்புடல, நான் பாத்தேன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும், என் வேல பொழச்சுரும். பேப்பர்ல போட வேணாம். சங்கத்துக்குக் குடுக்கறதுக்கு மட்டும். வாத்தியாரு எழுத்துன்னா நம்புவாங்க." உன் அம்மா அவருக்குக் காபி கொடுத்தாள். அவர் அதைக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் இரண்டு நாள் உன் அம்மா என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "புள்ளையவும் பொய் சொல்ல வச்சிட்டீங்களே" என்று மட்டும் சொன்னாள்.

நான் அந்த ஒரு வரியை எழுதவில்லை. எழுதினால் என் பெயர் போட்டு வந்த செய்திக்கு நானே எதிர்ச்சாட்சி ஆவேன். நிருபர் வேலை போகும், பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்பார்கள், நீ ஹைஸ்கூல் முடிக்க வேண்டும். இப்படிப் பல காரணம் வைத்திருந்தேன், ஒவ்வொன்றும் நல்ல காரணம்தான். வீராசாமிக்கு வேலை போயிற்று. எனக்கு எதுவும் போகவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் ‘பொய் சொன்னேன் சாமி’ என்று மொத்தமாகச் சொல்லி, மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டு வந்தேன். எந்தப் பொய் என்று சாமியாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உன் ஐயாவைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் கொடியவர் இல்லை. அவரை எனக்கு நன்றாகத் தெரியும். மனு கொடுத்தவனுக்கெல்லாம் தம் கையாலேயே பதில் எழுதுவார், ஆகாத காரியமென்றால் ஆகாது என்று எழுதுவார். திட்டக்குடிப் பக்கம் ஒரு பாலத்துக்காக மூன்று வருஷம் நடையாய் நடந்தார். டிரைவர் மேல் எரிந்து விழுவார், பிறகு அவனுக்கே டீ வாங்கிக் கொடுப்பார். இந்த மனிதரைப் பற்றி எழுதியிருக்கலாம். அதில் அழகு இல்லை என்று எவனும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. கூழ் எழுதினேன். அதற்கப்புறம் ஊர் அவரைக் கூழ் குடித்தவர் என்றே பார்க்க ஆரம்பித்தது, அவரும் அந்த வேஷத்தை வாங்கிப் போட்டுக்கொண்டார். கூட்டத்துக்குக் கூட்டம் மேடையிலேயே கூழ் கொண்டுவரச் சொல்லிக் குடித்தார். ஜெயித்து வந்த பிறகு ஒரு நாள் கடலூரில் என்னைப் பார்த்து, தனியாக, பக்கத்தில் யாருமே இல்லாதபோது, "வாத்தியாரே, அந்தம்மா ஊத்துன கூழு ருசி இன்னும் நாக்குலயே நிக்குதுய்யா" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் நடிக்கவில்லை. குடித்ததாகவே நினைக்கிறார். "ஆமாங்க ஐயா" என்றேன்.

பிறகு உன் முறை வந்தது. போன வருஷம் கல்லூரியில் பேச்சுப் போட்டி, ‘எளிமை’ என்று தலைப்பு. என்னையும் வரச்சொல்லிக் கார்டு போட்டிருந்தாய். நீ அந்தக் குடிசையை வர்ணித்தாய், சாணித் தரை, மண்சட்டி, தாய் ஊற்றிய கூழ். என் வரிகள்தான், நீ இன்னும் நன்றாகச் சொன்னாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உனக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். நானும் கை தட்டினேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். மேடையிலிருந்து இறங்கி நீ நேராக என்னிடம் வந்து, "எல்லாம் நீங்க எழுதுனதுதாம்ப்பா" என்றாய். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

இப்போது மலர். பேப்பர் மறுநாள் கடலை மடிக்கப் போய்விடும். மலர் நூலகத்தில் இருக்கும், பள்ளிக்கூடத்தில் இருக்கும், நாற்பது வருஷம் கழித்து எவனாவது எடுத்துப் பார்த்து இன்னொரு புத்தகம் எழுதுவான். அதில் உன் பெயரும் இருக்கும். உன் கடிதத்தைப் படித்த அன்று இராத்திரி நான் சரியாகத் தூங்கவில்லை. வீராசாமியிடம் போய், அந்த ஒரு வரியை இப்போதாவது எழுதித் தருகிறேன் என்று சொல்லலாமென்று சனிக்கிழமை கிளம்பினேன்.

வீடு அதேதான், கூரை மட்டும் புதுசு. அவர் இப்போது நடவு, அறுப்பு, மண்வெட்டு என்று கிடைத்த வேலைக்குப் போகிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. "வாங்க சார்" என்று பாயை உதறிப் போட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்து வந்தவனுக்கு அந்த ‘வாங்க சார்’ என்னவோ போல் இருந்தது. அஞ்சலை வாசலிலிருந்தே, "கூழா ஊத்துனேன் நானு? எறா வாங்க எம்மாந்தூரம் நடந்தேன் தெரியுமா? கூழுன்னு எழுதிட்டியே சாமி" என்றாள். எட்டு வருஷமாக அதைச் சொல்வதற்கென்றே வைத்திருந்தாள் போலிருக்கிறது. சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

நான் பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன். சங்கத்துக்கு எழுதித் தருகிறேன், பேப்பருக்கும் எழுதுகிறேன் என்றேன். வீராசாமி காகிதத்தைத் தொடவில்லை. "சங்கத்துல அப்ப இருந்தவங்க யாரும் இப்ப இல்ல சார். இனிமே அந்த வேலய வாங்கி நான் என்னா பண்ணப்போறேன்? எனக்கு ஒண்ணு மட்டும் செய்யுங்க. எம்பொண்ணு கிட்ட சொல்லுங்க" என்றார். அவருக்கு ஒரே மகள், மல்லிகா, ஒன்பதாவது படிக்கிறாள். அன்றைக்கு அவள் சின்னக் குழந்தை, அழுது தொந்தரவு செய்வாள் என்று மாமன் வீட்டில் விட்டிருந்தார்களாம். போன மாதம் பள்ளிக்கூடத்தில் டீச்சர் இந்தக் கூழ்க் கதையைச் சொல்லியிருக்கிறார். அது எங்கள் வீடுதான் என்று இவள் பெருமையாக எழுந்து நின்றிருக்கிறாள். பிள்ளைகளெல்லாம் கை தட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து சொன்னபோது, "இல்லம்மா, அவுரு சாப்புடல" என்று அப்பா சொல்லியிருக்கிறார். "அவ என்னைப் பாத்து, பேப்பர்லயே போட்டுருக்கு, டீச்சர் சொல்றாங்க, நீ ஏம்பா பொய் சொல்ற, அதான் உன்ன வேலைய விட்டுத் தூக்கிட்டாங்கன்னு கேட்டா சார். அம்மா சொன்னாலும் கேக்கல, நீயும் அவரு பக்கமான்னுட்டா. ஒரு மாசமா எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசறதில்ல. வேல போனப்பகூட எனக்கு இப்புடி இல்ல."

சொல்லிவிட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் கையில் வைத்திருந்த காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன். பொய் எங்கெல்லாம் போகும் என்று நான் கணக்குப் போட்டது தேர்தல், பேப்பர், மேடை இவ்வளவுதான். ஒரு பெண்குழந்தை தன் அப்பனைப் பார்க்கிற பார்வைக்குள் போய் உட்காரும் என்று நினைக்கவேயில்லை.

மல்லிகா பள்ளிக்கூட ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வரும்வரை காத்திருந்தேன். இரட்டைப் பின்னல், கையில் புத்தகக் கட்டு. அப்பாவைப் பார்க்காமல் உள்ளே போகப் பார்த்தாள். நான் கூப்பிட்டு, என் பெயரைச் சொன்னேன். செய்தியின் மேலே இருந்த பெயர் அவளுக்குத் தெரிந்திருந்தது, கண் அகலமாயிற்று. "அந்தச் செய்திய எழுதுனது நான்தாம்மா. அது நடக்கறதுக்கு முந்தின நாளே எழுதுனது. அவரு உங்க வீட்ல சாப்பிடல. உங்க அப்பா சொல்றதுதான் நெசம். நான்தான் பொய் எழுதுனேன். உங்க அப்பா கேட்டு வந்தப்பவும் நான் உண்மைய எழுதிக் குடுக்கல" என்றேன். இருபத்தைந்து வருஷத்தில் எந்தப் பிள்ளை முன்னாலும் நான் அப்படிப் பேசியதில்லை. அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என்னைப் பார்த்து, டீச்சரிடம் சந்தேகம் கேட்கிற மாதிரி, "நீங்க சாப்பிட்டீங்களா சார்?" என்று கேட்டாள்.

அருள், இந்தக் கடிதத்தில் மேலே அந்த வீட்டில் நடந்ததைப் பற்றி நான் எழுதியிருப்பதைத் திரும்பப் படித்துப் பார். அவர் உட்கார்ந்தார், அவர் எழுந்தார், அவர் கை கழுவினார். என்னைப் பற்றி ஒரு வரி இல்லை. எட்டு வருஷம் கழித்து உண்மையை எழுத உட்கார்ந்தபோதும் நான் அந்தப் பழைய நிருபனாகவே இருந்திருக்கிறேன். அவருக்குப் பக்கத்தில் எனக்கும் இலை போட்டிருந்தார்கள். எனக்கும் சோறு போட்டு, எறாக் குழம்பு ஊற்றினாள் அஞ்சலை. அவர் எழுந்தபோது நான் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். என்னை யார் என்ன சொல்லியிருப்பார்கள்? எனக்கு வயிறு நன்றாகத்தான் இருந்தது, பசியும் இருந்தது. நானும் எழுந்தேன். பயணியர் விடுதியில் அவரோடு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டேன். கோயிலில் எல்லாரோடும் முழங்கால்படியிட்டு, நாமெல்லாம் சகோதரர்கள் என்று சொல்லிவிட்டு வருகிறவன் நான். எதற்காக எழுந்தேன் என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை, அந்தக் குழந்தைக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "இல்லம்மா" என்றேன். அவள் புத்தகக் கட்டை எடுத்துக்கொண்டு, அப்பாவைத் தொட்டு, "உள்ள வாப்பா" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டாள். என்னை யாரும் சாப்பிடச் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நடந்தேன்.

திங்கட்கிழமை நீ மெட்ராஸ் போவதும் போகாமலிருப்பதும் உன் விருப்பம். வேலை நல்ல வேலை, ஐயா உன்னை நன்றாகத்தான் வைத்துக்கொள்வார், போகாதே என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? கட்டிங்கை வைத்திருக்கிறேன். அதன் பின்பக்கத்தில், அன்றைக்கு நடந்தது என்ன என்று என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், இரண்டையும் சேர்த்துத்தான் போட வேண்டும் என்று சொல். மறுப்பார்கள். அப்போது அந்தப் பக்கத்தை நீ உன் சொந்தக் கையால் எழுத வேண்டி வந்தால், ஐயாவை மட்டும் குற்றவாளி ஆக்கிவிடாதே. அன்றைக்கு வீராசாமி வீட்டில் போட்ட இலையிலிருந்து இரண்டு பேர் சாப்பிடாமல் எழுந்தார்கள், அதில் ஒருவர் என் அப்பா என்று எழுது.

அப்பா